பதில்: பதில்: ஓம் என்ற வாயும் ஓமில்லாத மனமும் – சொல் தேவை

குழுவில் எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

‘கேட் பேர்சன்’ என்ற கதையையும் அதை வைத்து எடுத்த படத்தையும் பற்றிய நம் வாசிப்பு வட்டக் குறிப்பில் ஒரு இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது: மனம் வேண்டாம் என்றிருக்க, மற்ற ஆளின் மனம் நோகுமே என்று வாய் ‘ஓம்’ (ஆம்) சொல்லிவிடுவதற்கு ஒரு தமிழ்க் கலைச்சொல். இதுவரை வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கல்முனை சேர்: "கட்டாயச் சம்மதம் என்று போட்டால் என்ன? வாசிக்கிற ஆளுக்கு உடனே விளங்கும்."

விளங்கும் சேர், ஆனால் வேறொன்றாக விளங்கும். படத்தை மட்டும் பார்த்தவர்களும் குழுவில் இருப்பதால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்டன் ரூபேனியன் எழுதிய ‘கேட் பேர்சன்’ 2017 டிசெம்பரில் நியூயோர்க்கர் இதழில் வந்தது. மார்கோவுக்கு 20 வயது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஒரு திரையரங்கில் தின்பண்டம் விற்கிறாள். அங்கே படம் பார்க்க வரும் ரொபர்ட்டோடு பழக்கமாகி, வாரக்கணக்கில் குறுஞ்செய்தியிலேயே கதைக்கிறார்கள். செய்திகளில் அவன் நல்ல பகிடிக்காரன். நேரில் கண்டால் பேச்சு ஓடவில்லை, இருவருக்கும் சங்கடம். ஆனாலும் ஒரு நாள் இரவு அவன் வீட்டுக்குப் போகிறாள். தன் விருப்பத்தோடுதான் போகிறாள். போன பிறகு மனம் மாறிவிடுகிறது. நிறுத்து என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குக் கதை சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். அவன் பலவந்தம் செய்வான் என்ற பயத்தை அந்த இடத்தில் கதை வெளிப்படையாகவே தள்ளிவைக்கிறது. இவ்வளவு தூரம் தானே கொண்டுவந்துவிட்டு இப்போது வேண்டாம் என்றால் செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை மாதிரி இருக்குமே, உணவகத்தில் கேட்டு வாங்கிய சாப்பாட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பின மாதிரி இருக்குமே என்றுதான் அவள் யோசிக்கிறாள். அவன் மனம் நோகாமல் நிறுத்துவதற்கு எவ்வளவு சாதுரியம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அதைவிட நடக்கிறது நடந்து முடியட்டும் என்று விட்டுவிடுகிறாள்.

இதற்குப் போய்க் ‘கட்டாயச் சம்மதம்’ என்றால் ரொபர்ட் மேல் கதை வைக்காத குற்றத்தை நாம் வைக்கிறோம். நம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவில், பலவந்தத்தாலோ மிரட்டலாலோ பெற்ற சம்மதம் பாலியல் வல்லுறவுக்குள் வந்துவிடும். உடம்பில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்களைக் காட்டித்தான் சம்மதம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்பதில்லை என்பதையும் 1995 திருத்தம் சேர்த்தது. அது பெரிய விசயம், அங்கே சொல் துல்லியமாக இருக்க வேண்டும். நாம் பேர் தேடுவது சட்டத்தின் கைக்கு எட்டாத இடத்துக்கு.

> கல்லடித் தம்பி: "மௌன சம்மதம்."

தம்பி, மார்கோ மௌனமாக இல்லை. சிரிக்கிறாள், தேற்றுகிறாள், பதில் சொல்கிறாள். அத்தோடு ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பது கேட்கிற ஆளுக்கு வாய்ப்பான பழமொழி. கேட்டவன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டதை நாம் கலைச்சொல்லாக்கிக் கையில் கொடுக்கத் தேவையில்லை.

> அக்கரைப்பற்றுக் காக்கா: "வேண்டா இசைவு. சுருக்கமாக இருக்கு."

சுருக்கம் சரி. தனியே நின்றால் ‘இசைவே வேண்டாம்’ என்று யாராவது வாசிப்பார்கள், காக்கா. ஒரு எதிர்மறைப் பெயரெச்சத்தை நம்பிக் குறிப்பு முழுவதும் போக எனக்குத் துணிவில்லை.

> களுவாஞ்சிக்குடி அக்கா: "ஒப்புக்கு ஒப்புதல்!"

அக்கா, வாசித்துவிட்டு நான் தனியாக இருந்து சிரித்தேன். காதுக்கு இவ்வளவு நன்றாக இருக்கும் சொல் இந்த இழையில் வேறில்லை. எனக்குள்ள பிரச்சினை ‘ஒப்புக்கு’ என்பதில் ஒரு அசட்டை இருக்கிறது. ஒப்புக்குச் செய்கிறவர் கடமைக்குச் செய்துவிட்டுப் போகிறவர். மார்கோ அப்படி அசட்டையாக இல்லை. மற்ற ஆளின் மனத்தைப் பற்றி அளவுக்கு மிஞ்சி யோசிப்பதால்தான் மாட்டிக்கொள்கிறாள்.

இந்த மிஞ்சின யோசிப்புக்குத் தமிழில் ஏற்கெனவே பேர் உண்டு. முகத்தாட்சண்யம். நம் பக்கத்தில் அம்மாமார் ‘முகத்தை முறிச்சுக் கதைக்க ஏலாமப் போச்சு’ என்பதும் இதைத்தான். வள்ளுவர் 58ஆம் அதிகாரத்தில் இதற்கு வைத்த பேர் கண்ணோட்டம். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளை ஞாபகப்படுத்திப் பாருங்கள்: ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்.’ பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் கண்டாலும் நாகரிகம் கருதி வாங்கிக் குடித்துவிட்டு அமைதியாக இருப்பார்களாம். பள்ளியில் இதைப் பெருந்தன்மை என்று படித்தோம். இந்தக் கதையைப் படித்த பிறகு வாசித்தால், குடிக்கிற ஆள் யார், குடிக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட ஆள் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. வள்ளுவர் அதை அரசனுக்குரிய பண்புகளோடு சேர்த்து, பொருட்பாலின் அரசியலில் வைத்தார். இல்லை என்று சொல்ல அதிகாரம் உள்ளவன் சொல்லாமல் விட்டால் அது பெருமை. அந்த அதிகாரமே இல்லாத 20 வயதுப் பிள்ளை குடித்தால் அதைப் பெருமை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கண்ணோட்டத்தை எடுத்துக்கொள்ளலாமே என்றால் ஏலாது. இன்றைக்கு அது ‘பார்வைக் கோணம்’ என்ற பொருளுக்குப் போய்விட்டது. ‘கண்ணோட்ட இசைவு’ என்றால் ஏதோ கூட்டறிக்கை போல இருக்கும். ‘தாட்சண்ய இசைவு’ எனக்குச் சரிதான், ஆனால் தனித்தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்று காரைதீவில் இருந்து தமிழறிஞர் விபுலாநந்த அடிகளைச் சாட்சிக்கு அழைத்துவிட்டார்கள். அடிகள் பிறந்த ஊர் என்பதால் காரைதீவுக்காரருக்கு அந்த உரிமை உண்டு. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஆனால் அதே அடிகள்தான் ‘மதங்க சூளாமணி’ என்ற நாடக நூலில் ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் ஆக்கினார். செகம் வடசொல்வழி வந்தது, சிற்பியும் அப்படித்தான் என்பார்கள். அவர் பார்த்தது அந்தப் பேர் தமிழ் வாயில் புரளுமா என்பதை. நானும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

இனிப் படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் முன்வைக்கும் சொல் படத்தில் இருந்துதான் கிடைத்தது. சூசனா ஃபோகெல் இயக்கிய படம் 2023 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. எனக்குப் படம் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆண்கள் பயப்படுவது பெண்கள் தம்மைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று, பெண்கள் பயப்படுவது ஆண்கள் தம்மைக் கொன்றுவிடுவார்களோ என்று, இந்தக் கருத்துள்ள புகழ்பெற்ற வாசகத்தோடு படம் தொடங்குகிறது. தொடங்கினதில் இருந்து அந்தக் கொலைப்பயத்தையே பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அவன் தன்னைத் தாக்குவதாக மார்கோ கற்பனை செய்யும் காட்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. கதை முடியும் இடம் ஒரே ஒரு வசைச்சொல். அவள் விலகிப்போன பிறகு அவன் வரிசையாக அனுப்பும் செய்திகளில் கடைசிச் செய்தி அது. அதோடு கதை சடாரென்று நிற்கும். படம் அங்கே நிற்காமல் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்து, சண்டை, தீ என்று கொண்டுபோய்விடுகிறது. சங்கடம் என்பது படமெடுக்கப் போதாத சரக்கு என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஒரே ஒரு காட்சி மட்டும் கதையைவிட நன்றாக வந்திருக்கிறது என்பேன். அந்த இரவில் மார்கோ இரண்டாகப் பிரிகிறாள். ஒருத்தி அவனோடு இருக்கிறாள். மற்றவள் அதே அறையில் தள்ளி நின்று, ஏன் நிறுத்தாமல் இருக்கிறாய் என்று அவளோடு வாக்குவாதப்படுகிறாள். ஒருத்தி முகம், மற்றவள் அகம். ‘முகநக நட்பது நட்பன்று’ என்ற குறளில் வள்ளுவர் வைத்த சோடியும் இதுதான். ஆகவே என் முன்மொழிவு: முக இசைவு, அக இசைவு. முதலாவது நாம் தேடும் சொல். இரண்டாவது அதன் எதிர்ச்சொல்லாகச் சும்மா கிடைக்கிறது.

அமெரிக்கப் பழக்கவழக்கத்துக்கு நாம் ஏன் மினக்கெட்டுச் சொல் செய்ய வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: டேட்டிங் இங்கே அந்த வடிவத்தில் இல்லை என்பது சரி. ‘அவனும் அவளும் கதைக்கிறாங்க’ என்ற அளவில்தான் நம் ஊரில் இருக்கும், அதுவும் வட்ஸ்அப்பில். ஆனால் முக இசைவு நமக்குப் புதிதா? பெண் பார்க்க வந்தவர்கள் விறாந்தையில் இருக்க, மாமி எல்லார் முன்னாலும் ‘உனக்கு விருப்பம்தானே மகள்’ என்று கேட்கும்போது அந்தத் தலையசைப்பு எது? ரொபர்ட்டாவது மார்கோவுக்கு அந்நியன். இங்கே வேண்டாம் என்றால் முறிவது மாமியின் முகம், கூட்டி வந்த பெரியப்பாவின் முகம், இரண்டு குடியாட்களின் முகம். குழுக்கடனுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் பிணைக்கு வரச் சொன்னால் இல்லை என்று சொல்ல முடியாமல் கையெழுத்து வைத்து, பிறகு அவள் தவணையையும் சேர்த்துக் கட்டிய பெண்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும். அதுவும் இதுதான்.

மறுப்பதற்கும் நம்மிடம் மழுப்பலான ஒரு வழி உண்டு: ‘மறுகா பாப்பம்’ (பிறகு பார்ப்போம்). மட்டக்களப்பார் எல்லாருக்கும் அது இல்லை என்பதற்குச் சமம் என்று தெரியும், தெரியாதது போல நடிக்கவும் தெரியும். மார்கோவுக்கு அந்த வசதிகூட இருக்கவில்லை.

கருத்துச் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு நகரில் இருந்து

—

பதில் (காத்தான்குடி):

அக்கா, நியாயம் எல்லாம் சரி. ஆனால் ‘முக இசைவு’ என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது போனைத் திறக்க முகத்தைக் காட்டுவது. இசைவுக்குப் பொருத்தம் என்ற பொருளும் இருக்கே. எங்கட வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன், மூன்று பேர் அதையே சொன்னார்கள், ஒரு பிள்ளை சாதகப் பொருத்தமா என்று கேட்டாள். கணினிக் கலைச்சொல்காரர் நாளைக்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டால் நாம் நடுத்தெருவில் நிற்போம்.

இன்னொன்று. படத்தைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கடுமை. பயமும் தாட்சண்யமும் அவ்வளவு சுத்தமாகப் பிரியுமா? அந்தக் கதையிலேயே முதல் முறை அவன் காரில் ஏறிப் போகும்போது இவன் கொலைகாரனாக இருப்பானோ என்று ஒரு நினைப்பு அவளுக்கு வந்து போகுது. படம் அதைப் பெரிதாக்கினது, இல்லாததைச் சொல்லவில்லை.

—

பதில் (மட்டக்களப்பு நகர்):

தங்கச்சி, போன் விசயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்லதாகச் சொன்னீர்கள். காரில் வரும் நினைப்பு கதையில் இருப்பது உண்மைதான். ஆனால் அது வந்து கடந்து போகிற நினைப்பு. கட்டிலருகில் அவளைக் கட்டிப்போடுவது அது இல்லை என்று கதையே பிரித்துச் சொல்லும்போது, படம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்தது எனக்கு நட்டமாகத்தான் படுகிறது. இதில் நாம் இருவரும் உடன்பட வேண்டும் என்று கட்டாயமில்லை.

சொல்லுக்கு ஒரு வழி இருக்கிறது. கலைச்சொல் என்றால் இரண்டு பெயர்ச்சொல்லை ஒட்டித்தான் செய்ய வேண்டுமா? ‘முகத்துக்கு இசைதல்’ என்று தொழிற்பெயராகவே வைத்துவிடலாம். போன் குழப்பம் வராது. ‘முகத்துக்கு இசைந்தாள்’, ‘முகத்துக்கு இசைந்த ஓம்’ என்று வசனத்தில் வளையும். எதிர்ச்சொல் ‘அகம் இசைதல்’. முகத்தாட்சண்யம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம், தெரியாதவர்களுக்கு முகம் முறியாமை என்று ஒரு வரி போதும்.

—

பதில் (களுவாஞ்சிக்குடி):

என்ட ‘ஒப்புக்கு ஒப்புதல்’ போனது கவலைதான், ஆனாலும் இதுக்கு ஓம். அக ஓம்.

ஒரு கேள்வி. இது பெண்ணுக்கு மட்டுமா? வீட்டார் சொல்லுக்குக் கலியாணம் கட்டின பொடியன்மாரும் முகத்துக்கு இசைந்தவர்கள்தானே?

—

பதில் (அக்கரைப்பற்று):

ஆணுக்கும் உண்டு என்று வரைவிலக்கணத்திலேயே போடுங்கள். யார் கூடுதலாக இசைய வேண்டி வருகுது என்பதைக் கூட்டத்தில் கதைப்பம்.

குறிப்பில் ஒரு மாற்றம் வேண்டும். சொல்லை விளக்கும் இடத்தில் பிணைக் கையெழுத்து உதாரணத்தை முதலில் வையுங்கள், கட்டில் காட்சியைப் பிறகு வையுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் உம்மாமார். படத்தில் தொடங்கினால் குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள், கேட்டதுக்கெல்லாம் ஓம் என்றும் சொல்வார்கள். பிணைக் கதையில் தொடங்கினால் அவர்களே எடுத்துப் பேசுவார்கள். திருத்தின பிரதி வியாழனுக்கு முன்னம் கிடைத்தால் நான் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.