உதவி: எறும்பு ப்ராஜெக்ட், வெல்லத்தை எடுத்தாலும் அதே இடத்துக்கே வருது

ஆத்தூர்க்காரி:
பையன் எட்டாவது, வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல சயின்ஸ் எக்ஸிபிஷன். எறும்புக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும்னு தலைப்பு. சர்க்கரை, வெல்லம், உப்பு, தேங்காய், கருவாடு எல்லாத்தையும் ஒரு சார்ட் பேப்பர்ல வரிசையா வச்சோம், எல்லாம் வெல்லத்துக்கே போச்சு, சரின்னு வெல்லத்தை எடுத்துட்டு அங்க உப்பை வச்சா அப்பவும் அதே இடத்துலதான் வந்து சுத்துதுங்க, மத்ததை எட்டிக்கூட பாக்கல. இப்ப உப்பு பிடிக்கும்னு எழுதறதா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

தென்றல்77:
எந்த எறும்புங்க? கருப்பா சிவப்பா, கடிக்குதா? வீட்டுக்குள்ளயா வாசல்லயா? எத்தனை மணிக்கு வச்சீங்க? மொட்டை வெயில்ல வச்சா ஒண்ணும் வராது. போட்டோ இருந்தா போடுங்க

பூச்சிப்பிரியன்:
உப்புக்கு வரல, தடத்துக்கு வருது. சாப்பாடு கிடைச்ச எறும்பு புத்துக்குத் திரும்பறப்போ வயித்தைத் தரையில தொட்டுத் தொட்டு ஃபெரமோன்ங்கற வாசனைப் பொருளை வச்சுக்கிட்டே போகும், பின்னாடி வர்றதெல்லாம் அந்த வாசனையைப் பிடிச்சு வருது. வெல்லத்தை எடுத்தீங்க, வாசனை பேப்பர்லயே இருக்கு. ஒவ்வொரு தடவையும் புது பேப்பர் போடுங்க

கணக்குவாத்தியார்:
வருஷா வருஷம் இதே கேள்வி, பழைய இழையைத் தேடிப் படிச்சுட்டு வந்தா என்ன? "பிடிக்கும்"ங்கறதை எப்படி அளக்கறீங்க? எல்லாம் ஒரே எடையா? வரிசையா வச்சா ஓரத்துல இருக்கறது புத்துக்குத் தூரமாயிடும்னு தெரிய வேண்டாமா? புத்து வாயைச் சுத்தி வட்டமா, ஒரே அளவு பாட்டில் மூடியில வச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் போன்ல படம் எடுத்து எண்ணணும். வேற வேற புத்துலயும் செய்யணும். அடிப்படை தெரியாம ப்ராஜெக்ட் எடுக்கக் கூடாது

தென்றல்77:
சார், சொல்றது சரிதான், சின்னப் பையன், கொஞ்சம் பதமா சொல்லுங்களேன்

உப்புக்காத்து:
சேலம் ஆத்தூரா தூத்துக்குடி ஆத்தூரா? இது ரொம்ப முக்கியம். 2008ல வந்த ஒரு ஆய்வுல, அமெரிக்கக் கண்டத்துக் காடுகள்ல கடலை விட்டுத் தள்ளிப் போகப் போக எறும்பு உப்புக்கு அதிகமா வந்திருக்கு. கடற்கரைப் பக்கம் காத்தும் மழையுமே உப்பைக் கொண்டுவந்துடுது, உள்நாட்டுல அது கிடைக்கறதில்ல. ஆனா கல்லுப்பா வைக்காதீங்க, தண்ணியில கரைச்சுப் பஞ்சுல நனைச்சு வைங்க

வேப்பமரம்:
புது பேப்பர் எல்லாம் எதுக்கு, நடுவுல மஞ்சத்தூள் கோடு போடுங்க, தடம் அறுந்துடும். இல்லன்னா எறும்பு சாக்பீஸ்

பூச்சிப்பிரியன்:
எறும்பு சாக்பீஸ்ல பூச்சிமருந்து இருக்குங்க! அதைத் தாண்டி வந்த எறும்பை வச்சு என்ன எண்ணறது, பையன் அதே கையால சாப்பிடுவான் வேற

வேப்பமரம்:
எங்க வீட்ல பல வருஷமா போடறோம், ஒண்ணும் ஆகல

பூச்சிப்பிரியன்:
சுண்ணாம்புன்னு நினைச்சுப் போடறீங்க. பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க, குழந்தை கைக்கு எட்டாம வைக்கணும்னே போட்டிருக்கும்

வேப்பமரம்:
அப்ப மஞ்சள்?

கணக்குவாத்தியார்:
கேள்விக்கு வாங்க ரெண்டு பேரும்

ஆத்தூர்க்காரி:
சேலம் ஆத்தூர். சின்ன கருப்பு எறும்பு, கடிக்காது, வாசப்படி ஓரம், சாயங்காலம். புது பேப்பர் போட்டு வட்டமா வச்சோம். வெல்லத்தண்ணிக்குத்தான் கூட்டம், கருவாட்டுக்கும் வந்துச்சு, துணுக்கு துணுக்கா இழுத்துட்டுப் போகுது. உப்புத்தண்ணிக்குக் கொஞ்சம்தான்

பூச்சிப்பிரியன்:
அருமை! அந்தக் கருவாடு புத்துக்குள்ள இருக்கற புழுக்களுக்கு, அதாவது எறும்போட குஞ்சுகளுக்கு. வளர்ந்த எறும்பால கெட்டியா எதையும் முழுங்க முடியாது, நீரா இருந்தாதான் உள்ள போகும். புழு வளரப் புரதம் வேணும், ஓடித் திரியற எறும்புக்கு இனிப்பு. சார்ட்ல இதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்க, பிடிக்கறதை விட யாருக்காகத் தூக்கிட்டுப் போகுதுங்கறதுதான் நல்ல கேள்வி

உப்புக்காத்து:
உப்பு எத்தனை சதவீதம் கரைச்சீங்க? ரொம்ப கம்மியா இருந்தா போதும்

கணக்குவாத்தியார்:
எத்தனை புத்து? எண்ணின கணக்கைப் போடுங்க

ஆத்தூர்க்காரி:
எழுதிட்டு இருக்கான். எல்லாருக்கும் நன்றி

கணக்குவாத்தியார்:
கணக்கு?