பொருள்: ‘ஸ்டால்’ என்பதற்கு ஒரே சொல் போதுமா? சோவியத் சிறுவிமான விபத்துகளை முன்வைத்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற மடலில், பறக்கும் விமானத்தை இறக்கை தாங்க முடியாமல் போவதையும் என்ஜின் நின்றுபோவதையும் குறிக்கும் ‘ஸ்டால்’ (stall), விமானம் சுழன்றுகொண்டே விழுவதைக் குறிக்கும் ‘ஸ்பின்’ (spin) ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். முன்னதற்கு நிறுத்தம், முடக்கம், தேக்கம், நிலைகுலைவு என நான்கும், பின்னதற்குத் தற்சுழற்சி, திருகுவீழ்ச்சி என இரண்டும் வந்தன. அனுப்பியவர்கள் அனைவருக்கும் நன்றி. இந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, சோவியத் சிறுவிமானங்களைப் பற்றி நான் மொழிபெயர்த்துவரும் கட்டுரையின் விபத்துகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். எந்தச் சொல் எங்கே உடைகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆகவே இந்த மடல் சற்று நீளும்; பொறுத்தருள வேண்டும்.

முதல் விபத்து 1923 ஆகஸ்ட் 15 அன்று மாஸ்கோவின் கோதின்கா வான்களத்தில் நடந்தது. நிக்கலாய் போலிகார்ப்போவ் வடிவமைத்த ஐஎல்-400 என்னும் ஒற்றையிறக்கைப் போர்விமானம் அன்றுதான் முதன்முறையாகப் பறக்க எழுந்தது. பெயரிலுள்ள 400, அதில் பூட்டியிருந்த லிபர்ட்டி என்ஜினின் குதிரைத்திறனைக் குறிக்கும். ஓட்டியவர் கான்ஸ்தந்தீன் அர்த்சேயுலவ். தரையை விட்டதுமே விமானத்தின் மூக்கு தானாக மேலே தூக்கிக்கொண்டது. அவர் கட்டுப்பாட்டுக் கோலை முன்னால் தள்ளியும் மூக்கு தாழவில்லை. வேகம் குறைந்து, ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து விமானம் தரையில் விழுந்தது. அர்த்சேயுலவ் எலும்பு முறிவுகளோடு உயிர் தப்பினார். பின்னர் காற்றுச்சுரங்கத்தில் ஆராய்ந்தபோது, விமானத்தின் ஈர்ப்பு மையம் இறக்கை நாணின் (இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரையுள்ள அகலத்தின்) 52 விழுக்காட்டுத் தொலைவில், அதாவது இருக்க வேண்டிய இடத்துக்கு வெகுதூரம் பின்னால், இருந்தது தெரியவந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, விழும் கணம்வரை என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ‘ஸ்டால்’ ஆனது இறக்கை. எதிர்வரும் காற்றோடு இறக்கை கொள்ளும் சாய்வான தாக்குகோணம் ஓர் எல்லைக்குள், பெரும்பாலான இறக்கைகளுக்கு 15 பாகை அளவுக்குள், இருக்கும்வரை காற்று இறக்கையின் மேல்முதுகை ஒட்டியே ஓடுகிறது; கோணம் கூடக்கூட, விமானத்தை மேலே தாங்கும் தூக்குவிசையும் கூடுகிறது. எல்லையைத் தாண்டியதும் காற்று முதுகைவிட்டுப் பிய்ந்து கலங்குகிறது, தூக்குவிசை சரிகிறது.

இதற்கு நேரெதிரானது 1938 டிசம்பர் 15 அன்று அதே கோதின்காவில் நடந்த விபத்து. வட துருவத்தைக் கடந்து 1937-இல் அமெரிக்காவுக்கு நிற்காமல் பறந்து சென்ற குழுவின் தலைவர் வலேரி சிகாலவ், போலிகார்ப்போவின் ஐ-180 விமானத்தை முதன்முறையாகப் பறக்கவிட்டார். கடுங்குளிர் நாள். எம்-88 என்ஜினின் முகப்பில், உள்ளே புகும் குளிர்காற்றைக் கட்டுப்படுத்தும் திறந்துமூடும் தகடுகள் பொருத்தப்படவில்லை. இறங்குவதற்காக விசையைக் குறைத்தபோது என்ஜின் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. மறுபடி விசையைக் கூட்டியபோது அது உயிர்பெறவில்லை. களத்தை எட்டாமலே விமானம் மோதியது, சிகாலவ் இறந்தார். அவருக்கு 34 வயது.

ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் ‘ஸ்டால்’ என்றே எழுதிவிடலாம். முன்னதில் இறக்கை, பின்னதில் என்ஜின். ஆங்கில மூலத்திலிருந்து மொழிபெயர்க்கும் நாம் இரண்டுக்கும் ‘முடக்கம்’ என்றோ ‘நிறுத்தம்’ என்றோ போட்டால், அர்த்சேயுலவின் என்ஜின் நின்றுபோனதாகத் தமிழ் வாசகர் படிப்பார். விபத்தின் காரணமே மாறிவிடுகிறது. எடைப் பகிர்வில் செய்த கணக்குப் பிழை என்ஜின் கோளாறாகிவிடுகிறது. விபத்தைப் பற்றிய கட்டுரையில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ரஷ்ய மொழியில் இந்தக் குழப்பம் இல்லை. என்ஜின் நின்றால் ‘ஸக்லோஹ்’, ஓசையடங்கிவிட்டது, என்கிறார்கள். காற்று இறக்கையைவிட்டுப் பிரிவது ‘ஸ்ரிவ் பத்தோக்கா’, ஓட்டம் அறுபடுவது. அதனால் விமானம் சரிந்து விழுவது ‘ஸ்வாலிவானியே’. மூன்று நிகழ்வுகளுக்கு மூன்று சொற்கள். சோவியத் விபத்துகளை எழுதும்போதாவது நாம் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லைப் பின்பற்ற வேண்டிய தேவையில்லை.

ஆகவே என் முன்மொழிவு இது. என்ஜின் நிற்பதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘அணைந்தது’, ‘நின்றுபோனது’ என்று எல்லோரும் சொல்வதையே எழுதலாம். காற்று பிரிவதற்குக் ‘காற்றோட்டப் பிரிவு’. விமானம் ஸ்டால் ஆவதற்குத் ‘தூக்கிழப்பு’, வினையாகத் ‘தூக்கிழந்தது’.

‘தேக்கம்’ எனப் பரிந்துரைத்த நண்பர் மன்னிக்க வேண்டும். தேக்கம் என்றால் ஓடுவது ஓரிடத்தில் கட்டிநிற்பது; இங்கே நடப்பதோ ஒட்டி ஓடியது பிய்ந்துபோவது. ‘நிலைகுலைவு’ அழகான சொல்தான், ஆனால் பனிமூட்டத்தில் திசை தெரியாமல் தடுமாறும் விமானமும் நிலைகுலைந்த விமானமே. காரணத்தைச் சுட்டாத சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் ஒவ்வொரு முறையும் விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருக்கும்.

தூக்கிழப்பை முன்பே சிலரிடம் காட்டியிருந்தேன்; அதன் மீது இரண்டு மறுப்புகள் வந்துள்ளன. தூக்குவிசை முழுவதும் போய்விடுவதில்லையே, இழப்பு எனலாமா என்பது ஒன்று. எடையிழப்பு என்கிறோம், அதனால் எடை சுழியாகிவிட்டதாக யாரும் கொள்வதில்லை. குருதியிழப்பும் அப்படியே. இரண்டாவது மறுப்பு வலுவானது: ‘தூக்கு’ என்றதும் தூக்குத் தண்டனையும், வேகமாகப் படித்தால் தூக்கமின்மையும் நினைவுக்கு வருகின்றன என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். அவர் தந்த மாற்று ‘ஏந்துவிசை’. காற்று விமானத்தை ஏந்துகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; ஒரு முழு நாள் அதையே வைத்து எழுதிப் பார்த்தேன். ஆனால் வினையாக்கும்போது ‘ஏந்திழந்தது’ என்பது நாவில் நிற்கவில்லை. ‘தூக்கிழந்து விழுந்தது’ நிற்கிறது. எனவே தயக்கத்தோடுதான் என்றாலும் தூக்கிழப்பையே பிடித்துக்கொள்கிறேன்.

இனி அந்த 52 விழுக்காட்டுக்கு வருவோம். ஈர்ப்பு மையம் பின்னால் போய்விடும் நிலையை ரஷ்யர் ‘பின் மையப்படுத்தல்’ என்னும் பொருளில் சொல்கிறார்கள். ‘பின்சென்ற ஈர்ப்பு மைய நிலை’ என்று நானும் முதலில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களிடம் இதற்கு நல்ல சொல் நெடுங்காலமாக இருக்கிறது. மூட்டைகளை அச்சுக்குப் பின்னால் அதிகம் அடுக்கிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். அதற்குப் பெயர் பின்பாரம். முன்னால் அதிகமானால் முன்பாரம். ஐஎல்-400-க்கு நேர்ந்தது சொல்லுக்குச் சொல் இதுதான்: பின்பாரத்தால் மூக்கு எழும்பியது, அதை அமுக்க வால் இறக்கைக்கு வலு போதவில்லை. இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்க, நாம் ஏன் நான்கு சொல் கொண்ட தொடரைச் செய்ய வேண்டும்? ‘பின்பார விமானம்’, ‘பின்பாரத்தைக் குறைத்தனர்’ என்றெல்லாம் தடையின்றி எழுத முடிகிறது. இந்த மடலிலுள்ள சொற்களில் ஒன்றை மட்டுமே ஏற்பீர்கள் என்றால், இதை ஏற்கும்படி வேண்டுகிறேன்.

‘ஸ்பின்’ இன்னும் சிக்கலானது. அது தூக்கிழப்பின் பிள்ளை. இரண்டு இறக்கைகளில் ஒன்று மற்றதைவிட ஆழமாகத் தூக்கிழந்தால் விமானம் அந்தப் பக்கம் சரிந்து, சுழன்றுகொண்டே செங்குத்தாக இறங்குகிறது. முதல் உலகப் போருக்கு முன்பு இதில் மாட்டிய விமானிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1916 செப்டம்பரில் செவஸ்தபோல் அருகே காச்சா பறத்தல் பள்ளியில், ஒரு நியூபோர் விமானத்தை வேண்டுமென்றே இதில் தள்ளி, வெளியேயும் கொண்டுவந்து காட்டியவர் இதே அர்த்சேயுலவ். சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை மிதித்து, கோலை முன்னே தள்ள வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. ஏழு ஆண்டுகள் கழித்து ஐஎல்-400-இல் அவர் விழுந்ததற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

‘தற்சுழற்சி’ வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. பூமியும் எலெக்ட்ரானும் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. மேலும் விமானம் தன் அச்சில் மட்டும் சுழலவில்லை, சுருள்பாதையில் விழுகிறது. ரஷ்யர் இதை ‘ஷ்தோபர்’ என்கிறார்கள். மதுப்புட்டியின் தக்கையைப் பிடுங்கும் திருகுக்கும் அதுவே பெயர். பிரெஞ்சுச் சொல்லான ‘வ்ரீய்’ துளையிடும் கருவியையும் கொடியின் பற்றுச்சுருளையும் குறிக்கும். இவற்றின் வழியில் பார்த்தால் ‘திருகுவீழ்ச்சி’ சரியான சொல். நானும் அதில்தான் இருந்தேன். மனம் மாறியதற்குக் காரணம், கட்டுரையில் அடுத்து வரும் நிகழ்வு.

ஐஎல்-400 திருத்தப்பட்டு, ஐ-1 என்னும் பெயரில் சிறு எண்ணிக்கையில் கட்டப்பட்டது. 1927 ஜூன் 23 அன்று அதன் ‘ஸ்பின்’ நடத்தையைச் சோதிக்க, சோதனை விமானி மிகயீல் குரோமவ் மேலே சென்றார். விமானம் உள்ளே போயிற்று. வெளியே வர மறுத்தது. மூக்கு தாழ்ந்து சுழல வேண்டிய விமானம், உடல் ஏறக்குறையக் கிடையாகவே நின்று, தட்டாமாலை சுற்றுவதுபோல் சுற்றியது. அந்தச் சுழற்சியில் மூக்குப் பக்கப் பாரமும் வால் பக்கப் பாரமும் வெளிநோக்கி எறியப்படுவதால் உடல் மேலும் கிடையாகிறது. கலங்கிய காற்றில் புதைந்த சுக்கானுக்குப் பிடிப்பில்லை. குரோமவ் பாராசூட்டோடு குதித்தார். சோவியத் நாட்டில் விபத்துக்குள்ளான விமானத்திலிருந்து பாராசூட்டால் உயிர் தப்பிய முதல் விமானி அவரே.

இதை ஆங்கிலமும் ரஷ்யமும் ‘தட்டையான’ என்னும் அடைமொழியால் குறிக்கின்றன. ஆனால் ‘தட்டைத் திருகுவீழ்ச்சி’ என்று எழுதினால் தட்டையாக இருப்பது எது, திருகா, வீழ்ச்சியா? இரண்டுமில்லை, விமானத்தின் உடல்தான் கிடையாக இருக்கிறது. கிடைமட்டம், கிடைக்கோடு என்பனவற்றில் உள்ள ‘கிடை’யை எடுத்தேன். ‘கிடைத்திருகு’ ஒட்டவில்லை. ‘கிடைச்சுழல்’ ஒட்டியது. உடனே பொதுச்சொல்லையும் ‘சுழல்வீழ்ச்சி’ என மாற்றிக்கொண்டேன், சுருக்கமாகச் ‘சுழல்’. ஆற்றுச் சுழலில் படகு சிக்குவதை நாம் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே ‘விமானம் சுழலில் சிக்கியது’, ‘சுழலிலிருந்து மீட்டார்’ என்று வினைகள் தாமாக வந்து பொருந்துகின்றன. இறக்கை நுனியில் சுருளும் காற்றுக்கும் சுழல் என்று பெயர் வைத்திருக்கிறோமே என்று கேட்பவர்களுக்கு: அதைச் ‘சுழிப்பு’ என ஒதுக்கிவிடலாம்.

எல்லா விபத்துக்கும் கலைச்சொல் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1926 மார்ச் 31 அன்று போலிகார்ப்போவின் 2ஐ-என்1 என்னும் ஈரிருக்கை விமானத்தில், இறக்கையை மூடியிருந்த ஒட்டுப்பலகை உறை வேகச் சோதனையின் நடுவே பிய்ந்து போனது. விமானத்திலிருந்த இருவரும் இறந்தனர். உறை சட்டங்களோடு சரியாக ஒட்டப்படவில்லை. இறக்கையின் உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் சமன்செய்யும் துளைகளும் விடப்படவில்லை. இதை ‘உறை பிய்ந்தது’ என்று எழுதினால் போதும். இறந்த இருவருக்கும் நாம் செய்யக்கூடியது, காரணத்தை மறைக்காத தமிழில் அதை எழுதுவதுதான். இறக்கை நடுங்கி முறியும் ‘ஃப்ளட்டர்’ தனியே விவாதிக்கத் தக்கது. ‘படபடப்பு’ என்று இரண்டு பேர் எழுதியிருப்பதை ஒரு புது இழையில் எடுத்துக்கொள்வோம்.

மீதமிருக்கும் ஐயம் ஒன்று உண்டு. விமானம் சுழலிலிருந்து வெளியே வருவதைக் குறிக்கும் ‘ரிகவரி’ என்பதை மீட்பு என்பதா, மீள்வு என்பதா? கட்டுரையின் கடைசிப் பகுதி யு-2 பயிற்சி விமானத்தைப் பற்றியது. 1928 ஜனவரி 7 அன்று இதை முதன்முறையாகப் பறக்கவிட்டவரும் குரோமவ்தான். வேண்டுமென்று தள்ளினாலொழிய அது சுழலில் விழாது. விழுந்தாலும், பிடியை விட்டுவிட்டால் தானே வெளியே வந்துவிடும். 30,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் அது கட்டப்பட்டதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். இங்கே யாரும் எதையும் மீட்கவில்லை, விமானம் மீள்கிறது. ஐ-1-இலோ விமானி மீட்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஸ்டாலுக்குச் செய்யவிருந்த தவறையே மறுபடி செய்வோம். எனவே விமானி செய்வது ‘சுழல் மீட்பு’, விமானம் தானே செய்வது ‘சுழல் மீள்வு’ என எழுதிப் பார்க்கிறேன். இரண்டாவது என் காதுக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை. ‘மீளல்’, ‘மீட்சி’ ஆகியவற்றில் எதைக் கொள்ளலாம் என்று சொன்னால், அந்தப் பகுதியை முடித்துப் படியை உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

அன்புடன்.