கடல் முள்ளெலி லார்வா எதைத் தின்பது என்று எப்படி முடிவு செய்கிறது?

வைகைக்கரை மாணவி:
மதுரையில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குப் போனபோது கடல் முள்ளெலியின் புளூட்டியஸ் லார்வாவை (கைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் நுண்ணிய இளம்பருவம்) உயிரோடு நுண்ணோக்கியில் பார்த்தோம். சில துகள்கள் உள்ளே போகின்றன, சிலது வாய்வரை வந்தும் வெளியே தள்ளப்படுகின்றன. கண் இல்லை, மூளை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அப்புறம் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? "அளவைப் பொறுத்தது" என்று வகுப்பில் முடித்துவிட்டார்கள், எனக்கு அது போதவில்லை.

திருமங்கலம் செல்வம்:
அளவு பாதி பதில்தாம்மா. பிடிப்பது வேறு, விழுங்குவது வேறு. லார்வாவின் கைகளின் ஓரமாக ஓடும் குற்றிழைப் பட்டைதான், அதாவது துடிக்கும் நுண்மயிர்களின் வரிசைதான், நீரை ஓட்டுகிறது. துகள் வந்து பட்டதும் அந்த இடத்து இழைகள் மட்டும் ஒரு கணம் எதிர்த்திசையில் அடிக்க, நீர் தன் போக்கில் போய்விடுகிறது, துகள் வாய்ப்பக்கம் திரும்புகிறது. இதைக் கடல் உயிரியலாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராத்மன் 1971லேயே விளக்கி எழுதியிருக்கிறார். விழுங்குவதா வேண்டாமா என்பதில் சுவைக்கும் பங்கு உண்டு. வெறும் பிளாஸ்டிக் மணிகளையும் நுண்பாசியின் சுவை ஏற்றிய மணிகளையும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் சுவை ஏறியதைத்தான் லார்வாக்கள் அதிகம் விழுங்கின. வயிறு நிரம்பியிருந்தால் நல்ல பாசியைக்கூடத் தள்ளிவிடும். இரை குறைந்த நீரில் வளர்ந்தால் கைகளையே நீளமாக வளர்த்துக்கொள்ளும், எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

தெப்பக்குளம் மீன்தொட்டி:
எல்லா லார்வாவும் இப்படிப் பார்த்துப் பார்த்துத் தின்னாது. வண்ண மீன் குஞ்சுகளுக்காக ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டைகளைப் பொரிக்கிறேன். பொரித்தவுடன் அது எதுவுமே தின்னாது, கருவுணவில்தான் ஓடும். ஒருமுறை தோலுரித்த பிறகு சுமார் 50 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கிற எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட், ஸ்பைருலினா பாசித் தூள், எண்ணெய்த் துளி எதுவானாலும் சரி. மீனுக்குப் போடுமுன் அதற்குச் சத்தெண்ணெய் ஏற்ற முடிவதே இந்தக் குணத்தால்தான்.

வைகைக்கரை மாணவி:
நன்றி அண்ணா, நன்றி சார். சிப்பி லார்வாவும் இழைகளைத் திருப்பித்தான் பிடிக்குமா?

திருமங்கலம் செல்வம்:
இல்லம்மா. அதற்கு ஒன்றையொன்று எதிர்த்து அடிக்கும் இரண்டு இழைப் பட்டைகள், நடுவில் உணவுப் பள்ளம். சிக்கிய துகள் அந்தப் பள்ளம் வழியாக வாய்க்கு ஓடும். தூத்துக்குடியில் 1981இல் முத்துச்சிப்பியைப் பொரிப்பகத்தில் வளர்த்தெடுத்தபோது ஐசோகிரைசிஸ் பாசியைத்தான் கொடுத்தார்கள். சில மைக்ரான் அளவு, தடித்த சுவரும் இல்லை, எளிதாகச் செரிக்கும். சுவர் தடித்த பாசி உள்ளே போனாலும் பல நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். மன்னார் வளைகுடாவில் நுண்பிளாஸ்டிக் பற்றி நான் கவலைப்படுவதும் இதனால்தான். மேலே பாசியும் பாக்டீரியாவும் படிந்துவிட்டால் சுவையை வைத்து லார்வா அதைத் தள்ளிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.