செட்டிநாட்டு வீட்டை 1 கோடி 10 லட்சத்துக்குக் கேக்குறாங்க, இந்த ரென்டல் யீல்டு கணக்கு சரியா?

வளவுவாசல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு காரைக்குடிலேர்ந்து பக்கந்தான், பேரு வேணாம். ஐயாவோட அப்பச்சி (தாத்தாவோட அப்பா) ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போயிருந்த காலத்துல கட்டுன வீடு, முகப்பு ஒரு தெருவுல, கொல்லைக் கதவு அடுத்த தெருவுல, மொத்தம் 32 சென்ட். இப்ப 9 புள்ளி, அதாவது பங்குள்ள 9 குடும்பம். ரெண்டு பேரு மலேசியா, ஒருத்தர் சிங்கப்பூர், மிச்சம் பேரு சென்னை கோயம்புத்தூர்னு. வருஷத்துல முன்னோருக்குப் படைக்குற படைப்புக்கு மட்டும் தொறக்குறோம், இந்த மழைக்கு ரெண்டாங்கட்டுல ஓடு சரிஞ்சு பத்தி (தாழ்வாரம்) முழுக்க தண்ணி.

சென்னைலேர்ந்து ஒரு இன்வெஸ்டர் குரூப் வந்து பாத்தாங்க. முகப்பு அறையும் பக்கத்து ஹாலும் ஒரு தையல் யூனிட்டுக்கு மாசம் 15,000-க்கு விட்ருக்கோம், அதக் கேட்டுட்டு ஒரு பேப்பர்ல கணக்கு போட்டாங்க. வருஷத்துக்கு 1,80,000, வீட்டுச் சொத்துக்கு யீல்டு, அதாவது மதிப்புல வருஷ வாடகை, 3 சதவீதம்தான் வழக்கம், அதனால உங்க வீட்டு மதிப்பு 60 லட்சம், பாரம்பரிய வீடுங்கறதால நாங்க 1 கோடி 10 தர்றோம்னு சொல்றாங்க. பெரியப்பச்சி (பெரியப்பா) குடுத்துடலாம்ங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல, ஆனா கணக்குல எங்க தப்புன்னு சொல்லவும் தெரியல. பக்கத்துல காலி மனை சென்ட் 4 லட்சத்துக்குப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரஸ்தாக்காரன்:
தம்பி, அவங்க போட்ட வகுத்தல் சரி, வகுக்கக் குடுத்த எண்ணுதான் தப்பு. யீல்டுங்கறது வருஷ வாடகைய சொத்து மதிப்பால வகுக்குறது. அதத் திருப்பிப் போட்டு வாடகைலேர்ந்து மதிப்பு எடுக்கணும்னா அந்த வாடகை முழு வீட்டோட வாடகையா இருக்கணும். நீங்க வாங்குற 15,000 முகப்பு அறைக்கும் ஒரு ஹாலுக்கும் வர்றது. வளவு முற்றம், பட்டாலைக் கூடம், ரெண்டாங்கட்டு, மேல்மாடி எல்லாம் பூட்டிக் கெடக்கு, அதுக்கெல்லாம் பூஜ்யம்னு வச்சுத்தான் 60 லட்சம் வருது. நீங்க சொன்ன மனை வெல நெசம்னா 32 சென்ட்டுக்கு வெறும் மண்ணே 1 கோடி 28 லட்சம். அப்ப தேக்குத் தூணு, கதவு நிலை, ஆத்தங்குடித் தரைக்கல்லு எல்லாத்தையும் சும்மா குடுத்து அதுக்கு மேல 18 லட்சம் கைலேர்ந்தும் போடுறீங்க.

நான் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டுல ரூம் விடுற எடத்துல 6 வருஷம் கணக்கு பாத்தவன், அவங்க பக்கத்துக் கணக்கையும் சொல்றேன். இது என் கைக்கணக்கு, உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க. 12 ரூம், ஒரு ராத்திரி 4,500, வருஷத்துல நூத்துக்கு 35 நாள் நெறஞ்சா 69 லட்சம் வரும். மார்கழி தை மாசி நல்லா ஓடும், சித்திரை வைகாசில ஈ ஆடாது, அதனாலதான் 35. சம்பளம், சாப்பாடு, கரண்ட், புக்கிங் சைட் கமிஷன், ரிப்பேர்னு 65 சதவீதம் போச்சுன்னா கைல 24 லட்சம். வீட்ட சரி பண்ண 2.5 கோடி, வெல 1.10 கோடி, பத்திரச் செலவு 9 சதவீதம், ஆக 3.70 கோடி. 24 லட்சத்த அதால வகுத்தா 6.5 சதவீதம். உங்களுக்கு 2 கோடி குடுத்தாலும் அவங்களுக்கு 5 சதவீதத்துக்குக் கிட்ட நிக்கும். பேசுறதுக்கு எடம் இருக்கு. ஆனா ஒண்ணு, ஓட்டல் வருமானம் வாடகை இல்ல, அது தொழில், நஷ்டமும் அவங்களோடது, அதனால அந்த லாபம் பூராவும் உங்களுக்கு வரணும்னு கேக்கவும் முடியாது.

உங்க சொந்த யீல்டையும் போட்டுப் பாருங்க. காவக்காரருக்கு மாசம் எவ்வளவு? ஓடு, சுண்ணாம்பு, வீட்டு வரி?

வளவுவாசல்:
காவலுக்கு மாசம் 8,000ண்ணே. மத்ததெல்லாம் சேத்து வருஷம் 60,000 ஆகும். அப்படிப் பாத்தா 1,80,000-ல 24,000தான் மிச்சம். 9 புள்ளிக்கும் பிரிச்சா ஒரு புள்ளிக்கு 2,700 கூட வரல, இதுவரைக்கும் யாரும் இத எழுதிப் பாத்ததில்ல. 1.10 கோடிக்கு 0.22 சதவீதம்.

கொல்லைக்கிணறு ஆச்சி:
தம்பி, நான் பணக் கணக்கு பேச வரல, எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். 7 வருஷத்துக்கு முந்தி வித்தோம். ஓட்டலாக்கி நல்லா வச்சுக்குவோம்னு வாயாலதான் சொன்னாங்க, பத்திரத்துல ஒரு வரி இல்ல. மூணே மாசத்துல தூணு, உத்தரம், கதவு நிலை எல்லாத்தையும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு கழட்டிட்டாங்க. பொறவு ஒரு நாளு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழஞ்சாமான் கடைக்குப் போனேன், தரையில ஒரு பித்தளைச் சட்டி, கழுத்துல எங்க அப்பத்தா பேரு எழுத்து வெட்டியிருக்கு. சாமான் பூட்டி வச்சிருந்த ஆல்வீட்டுல நாங்க மறந்து விட்டுட்டு வந்தது. 'உள்ளது உள்ளபடி'ன்னு பத்திரத்துல எழுதியிருந்ததால கேக்க வழியில்ல, கடைக்காரரு மேலயும் தப்பில்ல. வெல குடுத்து வாங்கிட்டு வந்தேன்.

அதனால சாமான எல்லாம் தனி லிஸ்ட்டு எழுதுங்க, பாத்திரம், பொட்டகம், சாமி படம், ரவிவர்மா அச்சுப் படம் எல்லாத்தையும். சாமி வீட்டுக்கு என்ன செய்யப் போறோம்னு பங்காளிங்க எல்லாம் மொதல்ல பேசி முடிவு பண்ணுங்க, அட்வான்ஸ் வாங்குன பொறவு பேசாதீங்க. 2014-லேர்ந்து செட்டிநாடு யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியல்ல இருக்கு, யாரும் இடிக்க மாட்டாங்கன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. அந்தப் பட்டியல் எந்த வீட்டுக்கும் காவல் நிக்காது.

பேரேடு:
ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாக்குறேன். வரி பத்தி மட்டும். ஒவ்வொரு புள்ளியும் அவங்கவங்க பங்குக்குத் தனியா மூலதன ஆதாய வரி, அதாவது வித்த லாபத்துக்கான வரி, கட்டணும். 2001-க்கு முந்தின சொத்துங்கறதால 2001 ஏப்ரல் 1 அன்னிக்கு இருந்த மார்க்கெட் மதிப்ப அடக்க விலையா எடுக்கலாம், ஆனா அன்னிக்கு இருந்த அரசு கைடுலைன் மதிப்ப தாண்டக் கூடாது. உள்ளூர்ல இருக்குறவங்களுக்கு, விலைவாசி ஏத்தம் கழிக்காம 12.5 சதவீதம், இல்லாட்டி கழிச்சு 20 சதவீதம், ரெண்டுல எது கம்மியோ அது. மலேசியா சிங்கப்பூர்க்காரங்க என்.ஆர்.ஐ.யா இருந்தா அந்த 20 சதவீத வழி கெடையாது. அவங்க பங்குல டி.டி.எஸ். (பணம் குடுக்குறப்பவே கழிச்சுக்குற வரி) பிடிக்கிறதும் லாபத்துக்கு இல்லாம மொத்தத் தொகைக்கே பிடிப்பாங்க, முன்னாடியே வருமான வரித் துறைல குறைச்சுப் பிடிக்கச் சொல்லி சான்றிதழ் வாங்கினாதான் தப்பிக்கலாம். அதுக்கு நாளாகும், இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, உங்க அய்த்தைமாரு, அக்கா தங்கச்சி கையெழுத்து. சீர் செஞ்சாச்சு, பங்கு இல்லன்னு பேசுற காலம் போயிடுச்சு. தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்துச்சு, அப்பறம் 2005-ல மத்திய சட்டத் திருத்தம், 2020-ல உச்ச நீதிமன்றமும் மகளுக்குப் பொறப்பாலயே உரிமைன்னு சொல்லிடுச்சு. யாருக்கு எவ்வளவுங்கறத மூலப்பத்திரம், பழைய பாகப்பிரிவினை எல்லாத்தையும் ஒரு வக்கீல்ட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க. ஒரு கையெழுத்து விட்டாலும் பின்னாடி கேசு.

ரஸ்தாக்காரன்:
தம்பி, விக்காம நீண்டகால குத்தகைக்கு விட்டுப் பாக்கலாமே? 20 வருஷம், ரிப்பேர் செலவு அவங்களோடது, மாசம் 40,000, மூணு வருஷத்துக்கு ஒருக்கா 15 சதவீதம் ஏத்தம். வருஷம் 4,80,000, அதே 1.10 கோடிக்கு 4.4 சதவீதம் ஆச்சு, காவக்காரர் சம்பளமும் உங்க தலைல இல்ல. தூணு கதவு எதையும் கழட்டக் கூடாது, படைப்பு அன்னிக்கு சாமி வீடும் வளவும் பங்காளிங்களுக்குன்னு எழுதி ரிஜிஸ்டர் பண்ணுங்க. ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும். ஒத்துக்கலன்னா அவங்களுக்கு வேண்டியது ஓட்டலா தேக்கான்னு தெரிஞ்சு போயிடும்.

வளவுவாசல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இந்த 0.22 கணக்கையும், மனை கணக்கையும் பெரியப்பச்சிக்கு போன்ல படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசல, அப்பறம் "குத்தகைய கேட்டுப் பாரு"ன்னாரு. அடுத்த மாசம் படைப்புக்கு மலேசியாக்காரங்களும் வர்றாங்க, அய்த்தைமார மூணு பேரையும் நானே போய்க் கூப்பிடப் போறேன், அன்னிக்கு பட்டாலைல எல்லாரையும் உக்கார வச்சுப் பேசிடுறேன். அதுக்கு முன்னாடி ஆல்வீட்டத் தொறந்து சாமான எழுதணும். ஆச்சி, லிஸ்ட்டுல எடை, பேரு எழுத்து, போட்டோ எல்லாம் எப்படிப் போடணும்னு ஒரு மாதிரி எழுதிக் குடுப்பீங்களா? சாவி இன்னும் அப்பத்தா முடிஞ்சு வச்ச துணிலயே இருக்கு, இந்த சனிக்கிழமை எடுக்கப் போறேன்.