ரெண்டு வீக்கெண்ட்ல ட்ராமா கோச் (மனக்காயம் பட்டவங்களுக்கு வழிகாட்டறவர்) ஆகிடலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூர்ல ஐடி கம்பெனில எச்ஆர், 11 வருஷமா. போன மாசம் எங்க டீம் பொண்ணு ஒருத்தி லிஃப்ட் பக்கத்துல நிறுத்தி, சின்ன வயசுல சொந்தக்காரர் ஒருத்தர் பண்ணதைச் சொல்லிட்டா, நான் வாய்தவறி "அப்பவே வீட்ல சொல்லிருக்கலாமேம்மா"ன்னுட்டேன். அவ முகம் சுருங்கினது இன்னும் கண்ணுலயே நிக்குது. முறையா கத்துக்கலாம்னு தேடினா ஒரு ஆன்லைன் கோர்ஸ், ரெண்டு வீக்கெண்ட், 45 ஆயிரம், முடிச்ச உடனே பாலியல் வன்முறையில பாதிக்கப்பட்டவங்களை கிளையண்ட்டா எடுக்கலாமாம். இந்த சர்டிஃபிகேட் செல்லுமா?

ஜெயநகர் கவுன்சிலர்:
நம்ம நாட்டுல கோச்சுக்குன்னு லைசென்ஸே கிடையாதுங்க, அதனால யார் வேணா அச்சடிச்சுக் குடுக்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு வைக்கத்தான் ஆர்சிஐ (மத்திய அரசோட மறுவாழ்வு கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், அதுல எம்ஃபில் வழியா வந்தவங்க ரெண்டு வருஷம் ஓபிலயும் வார்டுலயும் சீனியர் மேற்பார்வையில கேஸ் பாத்துட்டு வந்தவங்க. அந்த கோர்ஸ்ல சூப்பர்விஷன் இருக்கா, போக்சோ (குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம்) சொல்லித் தராங்களான்னு கேளுங்க. வர்றது 18 வயசுக்குக் கீழன்னா விஷயம் தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லாம இருந்தா உங்க மேலயே கேஸ் வரும், ஆறு மாசம் வரை ஜெயில் இருக்கு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முதல் நாளே சத்தியம் பண்ற கோச்சைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

கோச்_மணி:
நான் ஐசிஎஃப் ஏசிசி, அதாவது சர்வதேச கோச்சிங் அமைப்போட ஆரம்ப நிலை சர்டிஃபிகேட் வாங்கினவன் சிஸ்டர். 60 மணி நேரம் கிளாஸ், 100 மணி நேரம் கோச்சிங், 10 மணி நேரம் மென்ட்டர், அப்புறம் பரீட்சை. இவ்ளோவும் பொதுவான கோச்சிங்குக்குத்தான், ட்ராமாவைத் தொட இது பத்தாது. வேலைக்குத் திரும்பறது, தினப்படி ரொட்டீன், இந்த மாதிரி கூட நிப்பேன், பழசு கிளம்பி வந்தா தெரபிஸ்ட்கிட்ட அனுப்பிடுவேன்.

பேர்_வேண்டாம்:
நான் எதிர் சேர்ல உக்காந்தவ. ஒரு கோச்கிட்ட போனேன், சுவர்ல நாலு சர்டிஃபிகேட், முதல் நாளே கண்ண மூடி அந்த ரூமுக்குத் திரும்பப் போங்கன்னாங்க. மூணு நாள் தூங்கல. அப்புறம் போன தெரபிஸ்ட், எந்த சேர் வேணும்னு கேட்டாங்க, கதவு தெரியற சேரை எடுத்துக்கிட்டேன். ரெண்டு மாசம் நடந்ததைப் பத்தி ஒரு கேள்வி இல்ல, தூக்கம், சாப்பாடு, பஸ்ல கூட்டம் வந்தா என்ன பண்றேன், அவ்ளோதான். உங்க டீம் பொண்ணுக்கு கோச் எல்லாம் வேணாம்க்கா, நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கோங்க போதும்.

ஜெயநகர் கவுன்சிலர்:
ராத்திரில தாங்கலன்னா 14416க்கு போன் பண்ணச் சொல்லுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம்.

அல்சூர்வாசி:
பணம் கட்டல. நேத்து கேன்டீன்ல அவகிட்ட, அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மான்னேன். "பரவால்லக்கா"ன்னு டீயை ஆத்திக்கிட்டே இருந்தா, குடிக்கல. மடிவாளா பக்கம் தமிழ் பேசற லேடி தெரபிஸ்ட், சனிக்கிழமை பாக்கறவங்க யாராவது தெரிஞ்சா மெசேஜ் பண்ணுங்க, அவளேதான் கேட்டா.