ஸ்கூல் முனையில் நாங்களே வேகத்தடை கட்டலாமா?

வடக்குத்தெரு: ஊராட்சி ரோடு மாநில நெடுஞ்சாலையில் ஏறுற இடம். முனையில் ஸ்கூல், எதிரே பஸ் ஸ்டாப். ரெண்டு மாசத்தில் மூணு பைக் மோதிடுச்சு. நாலு மூட்டை சிமெண்ட் வாங்கி மெயின் ரோட்டில் திண்டு கட்டிடலாம்னு பசங்க நிக்கிறாங்க. சரியா வருமா?

ஜல்லி: வேண்டாம். ஊர்க்காரங்க கட்டுற திண்டு ஒரு அடி அகலம், அரையடி உயரம்னு சுவர் மாதிரி நிற்கும். ராத்திரி கண்ணுக்கே தெரியாது. பின்சீட்டில் ஒருபக்கமா உட்கார்ந்து வர்றவங்கதான் முதலில் விழுவாங்க, அதுவும் தலை அடிபட. ரோடுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 99-ஆம் விதிமுறையில் இருக்கும் அளவு: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கத்தான் அந்தக் கணக்கு. அதைக் கூட உங்க கிளை ரோட்டில் போடணும், மெயின் ரோட்டில் இல்லை. கிளை ரோடு ஊராட்சியோடது என்பதால் ஒன்றியப் பொறியாளரை வைத்துப் போட்டுக்கலாம்.

அளவுநாடா: திண்டு இருக்கட்டும், முதலில் வேகத்தை அளங்க. மெயின் ரோட்டோரம் 50 மீட்டர் டேப் பிடிச்சு ரெண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்க. முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் செல்போன் ஸ்டாப்வாட்சை அமுக்கி, அடுத்த கோட்டில் நிறுத்துங்க. 180-ஐ வினாடியால் வகுத்தா வேகம் வந்துடும்: 3 வினாடி என்றால் 60 கி.மீ., 2.25 என்றால் 80. விரல் கால் வினாடி பிந்தினாலே அந்த 80, 72 ஆயிடும். அதனால் வண்டிகள் பறக்கும் ரோடுன்னா 100 மீட்டர் வைத்து 360-ஐ வகுங்க. மரத்துக்குப் பின்னால் நில்லுங்க. ஆளைப் பார்த்தா மெதுவா போவாங்க.

நூறு வண்டி அளந்து, வேகமான 15-ஐ ஒதுக்கிட்டு அடுத்ததன் வேகத்தைக் குறிங்க. பொறியாளர் கேட்பது இந்த எண்ணைத்தான், சராசரியை இல்லை.

அப்புறம் பார்வை. 60-ல் வர்றவர் ஒரே வினாடியில் சுதாரிச்சாலும், காய்ந்த ரோட்டிலேயே வண்டி நிற்க 35 மீட்டருக்கு மேல் ஆகும். கிளை ரோட்டில், மெயின் ரோட்டு விளிம்புக்கு 3 மீட்டர் முன்னால பைக்கில் உட்கார்ந்து ரெண்டு பக்கமும் பாருங்க. அதில் ரெண்டு மடங்கு தூரமாவது தெரியணும். மறைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலமாத்தான் இருக்கும், இல்லைன்னா கல்யாண பிளக்ஸ்.

மைல்கல்: கிராம சபைத் தீர்மானத்தில் ‘வேகத்தடை வேண்டும்’னு மட்டும் எழுதினா மறுத்துடுவாங்க. குறுக்கே தெர்மோபிளாஸ்டிக் பட்டை (ரோட்டில் உருக்கிப் போடும் தடித்த கோடு), ஸ்கூல் எச்சரிக்கைப் பலகை, பஸ் ஸ்டாப்பை முனை தாண்டித் தள்ளுவது என்று தனித்தனியா கேளுங்க. முனைக்கு முன்னாலேயே பஸ் நின்னா, கிளை ரோட்டிலிருந்து ஏறுறவருக்கு அந்தப் பக்கமே தெரியாது. வேக அளவுப் பட்டியலைச் சேர்த்து, நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கும் ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் நகல் கொடுங்க.

வடக்குத்தெரு: அப்போ திண்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கருவேலத்தை வெட்டுறோம்.

அளவுநாடா: வெட்டினா ஒரு மழைக்குத் துளிர்த்து மறுபடி மறைக்கும். பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்குங்க. ரோட்டு விளிம்பைத் தோண்டிடாம பார்த்துக்கோங்க.