ஐசியு அறைக்குள் சிங்க் வேண்டுமா, வேண்டாமா?

வளைகுழாய்:
ஐசியு அறைக்குள் இருக்கும் சிங்கை எடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும், கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத குடல் பாக்டீரியாக்களும் சிங்கின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில்தான் குடியிருக்கின்றன. அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் சோதனை சிங்க் கட்டிப் பார்த்தார்கள். வளைவில் விட்ட ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, சத்து கிடைத்ததும் நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. வீதம் குழாய்ச்சுவரில் படலமாக ஏறியது. மேலே சல்லடையைத் தொட்ட பிறகுதான் தெறிப்பு தொடங்கியது. துளிகள் ஏறக்குறைய 75 செ.மீ. வரை போயின. மருந்து கலக்கும் தட்டு அந்தத் தூரத்துக்குள் இருந்தால் என்ன ஆகும்?

சோப்புநுரை:
அதற்காக சிங்கையே எடுத்துவிட்டால், கடும் வயிற்றுப்போக்கு தரும் சி-டிஃப் கிருமி பிடித்த நோயாளியைத் தொட்ட கையை எங்கே கழுவுவது? அதன் ஸ்போர், அதாவது தடித்த ஓடு போட்ட விதை போன்ற வடிவம், ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்புப் போட்டு 40–60 வினாடி கழுவினாலும் சாகாது, ஆனால் உரசலில் கழன்று தண்ணீரோடு போய்விடும். கையுறை போட்டாலும் கழற்றும்போது மணிக்கட்டில் ஒட்டும். வெளியே சிங்க் தேடிப் போகிறவர் முதலில் தொடுவது கதவுக் கைப்பிடியைத்தான்.

மழைத்துளி:
நம்ம சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில்தான் கிருமியைக் கொல்லும் குளோரமைன் இருக்கிறதே? போதாவிட்டால் பிளீச் ஊற்றலாமே?

வளைகுழாய்:
குளோரமைன், குழாயில் வரும் தண்ணீரைக் காக்கும். வடிகாலில் சளிபோல் படிந்த படலத்தை அது அழிக்காது. ஊற்றும் பிளீச்சும் நொடியில் வழிந்து போகும். படலத்தின் மேல்பகுதி சாகும், அடியில் இருப்பது மறுபடி வளரும். நெதர்லாந்தின் நைமேகனில் ஐசியு அறைகளின் சிங்குகளை எடுத்த பிறகு, கிராம் நெகட்டிவ் கிருமிகள் (மேலே சொன்ன சூடோமோனாஸ், ஈ.கோலை இந்த வகைதான்) நோயாளிகளிடம் குடியேறுவது குறைந்தது. அதிக நாள் தங்கியவர்களிடம் இன்னும் நன்றாகவே குறைந்தது. நோயாளிக்கு ஈரத் துடைப்பான், மருந்து கரைக்கப் பாட்டில் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் மாற்று வைத்துத்தான் செய்தார்கள்.

சோப்புநுரை:
தனி அறை ஐசியுவுக்கு ஒப்புக்கொள்கிறேன், வாசலை ஒட்டி வெளியே ஒரு சிங்க் இருந்தால். பலர் சேர்ந்து படுத்திருக்கும் சி வகுப்பு வார்டுக்கு ஒப்ப மாட்டேன். அங்கே முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள்: மிச்ச டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்), டியூபில் கொடுக்கும் பால், குடித்து மீந்த கோப்பி. படலத்துக்குத் தீனியே அதுதான். தண்ணீர் சல்லடைமேல் நேராக விழாதபடி குழாயின் வாயைத் தள்ளி வையுங்கள். 1 மீட்டருக்குள் ஊசி மருந்து தயாரிக்கக் கூடாது.

வளைகுழாய்:
ஊற்றாதே என்று சிங்குக்கு மேல் ஒட்டினால் மட்டும் போதாது. மிச்சத்தைக் கொட்ட வேறு தொட்டி எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், அவசரத்தில் எல்லாம் இதற்குள்தான் போகும்.